ஐந்தாவது அறிக்கை

கோபமாக எழுதியவருக்கு உடனே பதில் போடக் கூடாது. முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு அவர் எழுதியதை இன்னொரு முறை படித்து, அதில் திட்டு எது, வலி எது என்று பிரிக்க வேண்டும். திட்டைத் தொடவே கூடாது. வலிக்கு மட்டும் பதில் சொன்னால் போதும், திட்டு தானாக அடங்கிவிடும். எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். உங்கள் வேலையிலும் நாள் முழுக்கக் கோபக்காரர்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் இல்லையா, மேடம். அதனால் சொல்கிறேன்.

நான் பதினோரு வருடமாக அந்தக் கம்பெனியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுகிறேன். அடுப்பு, கேஸ் ஹீட்டர், புகைபோக்கி விற்கிற கம்பெனி. மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத அறை, ஆறு பேர், ஆளுக்கு இரண்டு திரை. இணையத்தில் எங்கள் கம்பெனிப் பக்கத்தில் யாராவது குறை சொல்லி எழுதினால் திரையில் ஒரு சிவப்புப் பொட்டு வரும். ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட்டு அதை மஞ்சளாக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் குறையைத் தீர்த்துப் பச்சையாக்க வேண்டும். அலுவலகத்தில் எனக்குத் 'தைலம்' என்று பெயர். எந்த வலியானாலும் இவனிடம் கொடு, தடவி அனுப்பிவிடுவான் என்பார்கள். கிண்டல்தான், ஆனால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த அம்மா எழுதியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தையல்காரர். வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டு, கல்யாணத் துணியும் பள்ளிச் சீருடையும் தைத்துக்கொடுக்கிறவர். எங்கள் கேஸ் ஹீட்டரைக் குளியலறையில் மாட்டி இருபது நாள் ஆகியிருந்தது. குளித்துவிட்டு வந்தால் மகளுக்குத் தலை சுற்றுகிறது, இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள், ஹீட்டரை அணைத்து வைத்திருக்கிறோம், ஆள் அனுப்பிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். திட்டே இல்லை, மேடம். அதுதான் சிக்கல். திட்டுகிறவரை ஊர் நம்பாது. நிதானமாக எழுதுகிறவரை நம்பிவிடும். மதியத்துக்குள் முன்னூறு பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை, சோதனைக்கூடத்து இன்ஜினியர் எங்கள் மாடிக்கு வந்தார். அவர் படியேறி வருகிற ஆளே இல்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மயக்கம், தலைவலி என்று வந்த புகார்களையெல்லாம் தனக்கு அனுப்பச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

"புதுசா வந்த சரக்குல புகைக்குழாய் மூட்டு சரியில்ல. சூடு ஏற ஏற விலகுது. புகை வெளிய போகாம ரூமுக்குள்ளயே நிக்குது. அதுக்கு வாசனையும் கிடையாது. மூடுன ரூம்னா பத்து நிமிஷம் போதும்" என்றார்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. சர்வீஸ்காரர் வீட்டுக்கே போய்ப் பார்த்து, ஒரே பழுதை எழுதிய அறிக்கைகள் ஒரு மாதத்தில் ஐந்து சேர்ந்தால் விற்பனையை நிறுத்திவிட வேண்டும், விற்றதையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும். நல்ல விதி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். சோதனைக்கூடத்து முடிவை மேலிடம் ஏற்கவில்லை என்றும், கையில் நான்கு அறிக்கை இருக்கிறது என்றும், இன்னும் ஒன்று கிடைத்தால் யாரையும் கேட்காமலே நிறுத்திவிட முடியும் என்றும் இன்ஜினியர் சொன்னார். பார்த்து அனுப்புகிறேன் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தையல்காரம்மாவின் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தால் அதுதான் ஐந்தாவது. அது எனக்குப் புரிந்தது. மேனேஜருக்கும் புரிந்தது. குளிர்காலம் தொடங்கி ஹீட்டர் சூடாக விற்கிற மாதம் அது. மாலையில் என் மேஜைக்கு வந்து, என் தோளில் கை வைத்து, "பாத்துக்க, தைலம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் மேல் பழி போடுகிறேன் என்று எழுதிவிடாதீர்கள். என்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது என் வேலையில் பாதி.

அவருக்கு மரியாதையாகத்தான் பதில் எழுதினேன். மகளின் உடல்நலத்தை விசாரித்தேன். புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். இன்னொரு பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். அதையும் அனுப்பினார். அலைய விட்டால் பாதிப் பேர் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். இந்த அம்மா தையல்காரர், பிரித்துப் பிரித்துத் தைத்துப் பழகிய கை. அலுக்கவில்லை. என் ஒவ்வொரு பதிலையும் படம் பிடித்து, "இன்னும் ஆள் வரவில்லை" என்று தேதியோடு பொதுவில் போட்டுக்கொண்டே இருந்தார்.

அதனால் புதன்கிழமை வேறு வழிக்குப் போனேன். என்னிடம் சொந்தப் பெயரில் இல்லாத சில கணக்குகள் உண்டு. எங்கள் தொழிலில் பலரிடமும் இருக்கும். அதில் ஒன்றுக்கு ரோஜாப்பூ படம் வைத்திருந்தேன். அதிலிருந்து அவர் பதிவின் கீழே இரண்டே வரி எழுதினேன்: "இவங்க போன வருஷம் வாஷிங் மெஷின் கம்பெனி மேலயும் இப்படித்தான் எழுதி, புது மெஷின் வாங்கினாங்க. நெருப்பில்லாமப் புகையுமா, நீங்களே யோசிச்சுக்கோங்க."

அவ்வளவுதான் என் பங்கு. மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. ஒருவர் கொளுத்திப் போட்டால் ஊதுவதற்கு ஆளா இல்லை. மகளைக் காட்டிப் பிச்சையெடுக்கிறாள் என்று ஒருவர் எழுதினார். மகள் மயங்கியதற்கு வேறு காரணம் இருக்கும், டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பாருங்கள் என்று சிரிக்கிற பொம்மை போட்டு இன்னொருவர் எழுதினார். கல்லூரி முதலாண்டு படிக்கிற பெண்ணைப் பற்றி அப்படி எழுதியது எனக்கே பிடிக்கவில்லை. அவர் வீட்டு வாசலில் இருந்த தையல் கடைப் பலகையைப் படம் எடுத்துப் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது. தைக்கக் கொடுத்த துணியை நான்கு பேர் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதெல்லாம் நான் செய்ததல்ல.

வியாழக்கிழமை மாலை அந்த அம்மா எல்லாப் பதிவுகளையும் அழித்துவிட்டார். பொட்டு மட்டும் மஞ்சளாகவே இருந்தது. பச்சையாக வேண்டுமென்றால் பொருளைத் திரும்பப் பயன்படுத்துகிறேன், குறை தீர்ந்தது என்று வாடிக்கையாளர் ஒரு வார்த்தை எழுதித்தர வேண்டும். என்னால் அதை அரைகுறையாக விட முடியவில்லை. என் சுபாவம் அப்படி.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நானே போன் செய்தேன். எடுத்ததும் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு, நின்றது. முதலில் அவர் பட்ட சிரமத்துக்கு வருத்தம் சொன்னேன். நீங்கள் அனுப்பிய படங்களை எங்கள் இன்ஜினியரே உட்கார்ந்து பார்த்தார், பழுது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார், புது ஹீட்டர் என்பதால் தொடக்கத்தில் சிலருக்கு அப்படி இருக்கும், உடம்பு பழகிவிடும் என்றேன். படங்கள் இன்ஜினியரிடம் போகவே இல்லை. புகார்கள் எங்கே என்று இன்ஜினியர் இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டார், தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், நான் படிக்காதவ. உங்களை நம்பித்தான் கேக்கறேன். எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

இந்த இடத்தில் சொந்தமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்பது எங்கள் பாடம். மனுஷனோடு மனுஷனாகப் பேசினால்தான் மனசு இறங்கும்.

"அம்மா, எங்க வீட்லயும் இதே ஹீட்டர்தான். இன்னைக்குக் காலைல நான் அதுலதான் குளிச்சுட்டு வந்தேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. தைரியமாப் போடுங்க."

மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "சரிங்க தம்பி" என்றார். அதுவரை சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில், குறை தீர்ந்தது, நன்றி என்று எழுத்துப் பிழையோடு ஒரு செய்தி வந்தது. பொட்டு பச்சையானது.

சனிக்கிழமை என்ன நடந்தது என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தப் பெண்ணுக்குக் காலையில் தேர்வு இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டு வருகிறேன் என்று போய்க் கதவைத் தாழிட்டிருக்கிறாள். அந்த அம்மா முன்னறையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால், முடி நீளம், அலசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாராம். நாற்பது நிமிடம். உங்கள் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள்.

திங்கட்கிழமை அவர் எங்கள் பக்கத்தில் எழுதினார். "என் பொண்ணு செத்துட்டா தம்பி" என்று. மற்றவர்கள் திரையைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்கள். நான் போகவில்லை. இரங்கல் தெரிவிக்க எங்களிடம் தயார் வாசகம் ஒன்று உண்டு. அதை எடுத்து ஒட்டவில்லை. நானே உட்கார்ந்து, வார்த்தை வார்த்தையாக யோசித்து எழுதினேன். முப்பத்தெட்டு நிமிடத்தில் போட்டேன். ஒரு மணி நேரம் எங்கள் கெடு. அதற்குள்தான்.

ஹீட்டரில் உண்மையாகவே ஆபத்து இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் இன்ஜினியர் அல்ல. நாலு வார்த்தை எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் இன்ஜினியர் எதையோ பெரிதுபடுத்துகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். காலையிலிருந்து உங்களிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு, திங்கள் சொன்னாய், புதன், வியாழன், வெள்ளி சொன்னாய், செவ்வாய்க்கிழமை எங்கே என்று கேட்கிறீர்கள். மேஜை மேல் அந்த ரசீதையும் வைத்துவிட்டீர்கள். பிளம்பரின் கையெழுத்து மோசம், ஆனால் தேதி தெளிவாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். பிளம்பரை வீட்டுக்குக் கூட்டிப்போய், குளியலறையில் இருந்த ஹீட்டரைக் கழற்றினேன். அதே சரக்கு, அதே மாதம் வந்தது, ஊழியர் சலுகையில் வாங்கியது. கரண்டில் ஓடுகிற ஒன்றை அங்கே மாட்டினேன். ஏன் நல்ல பொருளைக் கழற்றுகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். இடத்தை அடைக்கிறது என்றேன். பழையதைச் சாக்கில் கட்டிப் பரண் மேல் போட்டேன். உங்கள் ஆட்கள் நேற்று அதை இறக்கிக் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து அந்த அம்மாவிடம் போனில் சொன்னது பொய். அன்று காலை நான் அதில் குளிக்கவில்லை. என் மகளையும் குளிக்க விடவில்லை.

சரி, இப்போது எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். ஐந்தாவது அறிக்கை வரக் கூடாது என்பதற்காக அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் தடுத்தவன் நான். அவரைப் பொய்க்காரி ஆக்கியவன் நான். அது ஆளைக் கொல்லும் என்று தெரிந்தே, அணைத்து வைத்திருந்ததைத் திரும்பப் போட வைத்தவனும் நான்தான். யாரும் என்னை இப்படிச் செய் என்று வாய் திறந்து சொல்லவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அதோடு இன்னொன்றையும் ஒரு ஓரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். கேட்டால் அந்த அம்மாவே சொல்வார். தொடக்கத்திலிருந்து கடைசி வரை நான் அவரிடம் ஒரு தடவைகூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை.