கைராசி அம்மாவுக்கு, கூரையின் கீழிருந்து

பல்கலைக்கழகத்தின் பெருமையே! ஆலையின் அருந்துணையே! உலை கொதித்த போதும் உள்ளம் கொதிக்காத உத்தமியே! மாணவர் முதல் மேலாளர் வரை 'கைராசி அம்மா' என்று கொண்டாடும் எங்கள் தலைமை ஆய்வாளரே! பணிநிறைவு பெறும் தங்களைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். கூடியிருக்கும் இடமோ, தாங்கள் கண்டுபிடித்த தகடுகளால் வேய்ந்த புது அரங்கம். அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேட்டருள்க.

பல்கலைக்கழகமும் ஆலையும் எலியும் பூனையுமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தார் நாங்கள் ஆலைக்காரர்களை அவசரக் குடுக்கைகள் என்றோம். அவர்கள் எங்களை ஆமைக் கூட்டம் என்றார்கள். இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்து, திட்ட வேண்டியவரைத் திட்டி, தட்டிக்கொடுக்க வேண்டியவரைத் தட்டிக்கொடுத்துத் தாங்கள் வேலை வாங்கினீர்கள். அப்படிப் பிறந்ததுதான் விரிசல் விட்டால் தானே மூடிக்கொள்ளும் அந்த அதிசயத் தகடு.

முதல் தகடு அச்சில் ஆறிக்கொண்டிருந்தபோது வெறுங்கையை அதன்மேல் அழுத்திச் சூடு பார்த்தீர்கள். "மெஷின் சொல்றதச் சொல்லட்டும், என் கை என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்பது தங்கள் வழக்கம். நாங்களும் யோசிக்காமல் அதையே மூல மாதிரியாக ஆலைக்கு அனுப்பிவிட்டோம். சொன்ன சொல் தட்டாத அவர்கள், பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, அதிலிருந்து வந்த துணுக்கையே ஒவ்வொரு வார்ப்பிலும் கலந்தார்கள்.

வெயில் ஏறியதும் எல்லாத் தகடுகளிலும் தங்கள் உள்ளங்கைத் தடம் தெரிந்தது. "அம்மா நம்மள எங்க போனாலும் விடமாட்டாங்க போல!" என்று சிரித்தோம். சென்ற ஆண்டு உலைக் கதவில் சிக்கித் தங்கள் மோதிர விரல் கோணியது. நாங்கள் வெளியே மூச்சு விடுமுன்னே ஆலை மேலாளர் தொலைபேசியில் பதறினார்: "அம்மா கைக்கு என்னங்க ஆச்சு? கிடங்குல இருக்கிற தகடு அத்தனையிலயும் விரல் கோணிக்கிச்சே!" அவை என்றோ வார்த்த தகடுகள். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு தங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. தாங்கள் நினைவிழந்து கிடந்த பிற்பகலில் இந்த அரங்கின் கூரை நடுவே தொய்ந்து இறங்கியது. முட்டுக் கொடுக்க ஆள் தேடி ஓடினோம். ஆள் வருமுன் மருத்துவமனையிலிருந்து தங்கள் வீட்டுக்காரர் தொலைபேசியில் பேசினார்: "கண்ணு முழிச்சுட்டா. தண்ணி கேக்குறா." அண்ணாந்து பார்த்தோம். கூரை சத்தமில்லாமல் நிமிர்ந்துகொண்டிருந்தது.

தங்களிடம் வாய் திறக்கவில்லை. சொன்னால் தங்கள் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் உடம்பு கெடும் என்று பயந்தோம். தகடுகளை மாற்றும் வேலையை ஆலை தொடங்கிவிட்டது. ஆனால் பள்ளிகள் இருக்கின்றன, மருத்துவமனைகள் இருக்கின்றன, ரயில் பாலம் இருக்கிறது; முடிய வருடங்கள் ஆகும். இந்நிலையில் போன வாரம் தாங்கள், "ஆபரேஷனெல்லாம் வேணாம்ப்பா. வாழ்ந்தது போதும், நிம்மதியாப் போறேன்" என்று சொல்லிவிட்டீர்கள். கேட்டதிலிருந்து எங்களில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

கனிவின் கருவூலமே! தகடுகளுக்காக மட்டும் கெஞ்சுகிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். தங்கள் அதட்டல் கேளாத ஆய்வுக்கூடத்தை நினைத்தாலே எங்களுக்கு அழுகை வருகிறது. அறுவை சிகிச்சைக்கு ஒரு வார்த்தை சரி என்று சொல்லுங்கள், அம்மா. மற்றதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நெடுநாள் வாழ்க! நோயின்றி வாழ்க! எல்லா மடல்களிலும் எழுதும் வரிகள்தாம் இவை; வழக்கத்துக்காக நாங்கள் எழுதவில்லை. இதை வாசித்து முடித்ததும் தங்கள் பதிலுக்காகக் காத்திருப்போம். அப்போது நாங்கள் யாரும் தங்கள் முகத்தைப் பார்க்காவிட்டால் தவறாக எண்ண வேண்டாம். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

இங்ஙனம்,
தங்கள் கைக்குக் கீழே நிற்கும்
ஆய்வுக்கூடத்தாரும் ஆலைத் தொழிலாளரும்