இரண்டாவது தீக்குச்சி

பூட்டிக் கிடக்கிற வீட்டை வாரத்துக்கு ஒரு முறையாவது திறந்துவிட வேண்டும். ஜன்னல், பின்கதவு, குழாய், தொட்டி மூடி எல்லாவற்றையும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவு உப்பும், குழாய் துருவேறும், உள்ளே ஒரு புளித்த வாடை வந்து உட்கார்ந்துகொள்ளும். படித்தவர்களுக்கும் இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் பதினான்கு வீடு. ஒன்பது பூட்டியவை. ஒன்பதுக்கும் சாவி என்னிடம்தான் இருந்தது. பிழைக்கப் போனவர்கள் போகிற அவசரத்தில் என் கையில் திணித்துவிட்டுப் போன சாவிகள். கடைசி வீட்டுக்காரர் மட்டும் வித்தியாசமான மனிதர். "நீயும் உன் பொண்டாட்டியும் இங்கயே இருங்க, சாகுற வரைக்கும் உங்க வீடுதான்" என்றார். எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அப்போது எனக்கு இவ்வளவு புத்தி கிடையாது. இருபத்தாறு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். என் மனைவி அங்கேதான் செத்துப்போனாள்.

ஐயா, நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஓர் இடம் தப்பு. அதைத் திருத்தத்தான் பேருந்து ஏறி ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். முழுசாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் அக்கா மகனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீடு வாங்கி விற்கிற தரகன். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும், அதனால் ஊரே அவனை டேப் என்றுதான் கூப்பிட்டது. நல்ல பையன் என்று எல்லாரும் சொன்னார்கள், இல்லை என்று நானும் சொல்லவில்லை. தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன். பதினெட்டு வயதிலிருந்து ஐந்து வருஷம் என்னோடு கிணறு தூர் எடுக்கிற வேலைக்கு வந்தான். நான் காசு கொடுத்ததைவிடத் திட்டுக் கொடுத்ததுதான் அதிகம். அதற்கும் சிரிப்பான்.

அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம். மூடிக் கிடந்த கிணற்றிலோ தொட்டியிலோ முதலில் விளக்கு இறங்க வேண்டும், அப்புறம்தான் ஆள். தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி, கயிற்றில் கட்டி, அடிவரைக்கும் விட்டு, நூறு எண்ணி மேலே இழுக்க வேண்டும். எரிந்துகொண்டே வந்தால் இறங்கலாம். அணைந்து வந்தால் உள்ளே கெட்ட காற்று, யாரும் இறங்கக் கூடாது. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும், ஏனென்றால் நான் தெரியவைத்தேன். முப்பத்தெட்டு வருஷத்தில் என் விளக்கு ஓர் ஆளைப் பலி கொடுத்ததில்லை.

நகரத்திலிருந்து பெரிய சாலை வந்ததும் ஊர் மாறிவிட்டது. சனி, ஞாயிறு தங்குவதற்கு அமைதியான வீடு வேண்டும் என்று கார்கள் வர ஆரம்பித்தன. சமுதாயக் கூடத்து வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. தையல் வகுப்பு, ரத்ததான முகாம், காணாமல் போன மாடு, யார் வீட்டில் சாவு, எல்லாம் அதில்தான் ஒட்டுவார்கள். ஆறு மாதத்தில் பலகை முழுக்க 'வீடு விற்பனைக்கு' ஆகிவிட்டது. தபால்காரர் இறந்த செய்தி மேலேயே ஒரு வீட்டு விளம்பரத்தை ஒட்டிவிட்டார்கள். முப்பது வருஷம் எல்லார் வாசலிலும் நின்ற மனிதனின் அடக்கத்துக்குப் பதினோரு பேர் வந்தோம். ஒட்டியது டேப்தான். கேட்டதற்கு, "தெரியாம ஒட்டிட்டேன் மாமா, இடமே இல்லையே" என்றான். பலகையில் இடம் இல்லையாம்.

கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஊரில் வாடகைக்கு இருந்த நாலு குடும்பம் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. இருந்தவர்கள் எல்லாம் தங்கள் வீடு எவ்வளவுக்குப் போகும் என்று ஒருவர் காதில் ஒருவர் ஊதிக்கொண்டிருந்தார்கள். எழுந்து பேசியது ஒரே ஓர் ஆள், ஐந்தாம் வீட்டு வாத்தியார். ஓய்வு பெற்றவர், தனி ஆள். "வாரத்துல ரெண்டு நாள் வர்றவங்க வாங்கினா, மத்த அஞ்சு நாள் தெருவுல யாருய்யா இருப்பா? நம்ம பாடையை யாரு தூக்குவா?" என்று கேட்டார். பேக்கரிக்காரர் மனைவி, "நீங்க பயப்படாதீங்க சார், நல்ல விலைக்கு வித்தா தூக்குறதுக்கு ஆளையே வாங்கிக்கலாம்" என்றாள். கூடமே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. இரண்டு சாவி அந்த வாரமே என்னிடமிருந்து போனது.

அடுத்த மாதம் கடைசி வீட்டுக்காரர் மகள் போனில் பேசினாள். அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறதாம், எனக்குச் சொல்ல மறந்துவிட்டதாம். வீட்டை விற்கப் போகிறாளாம். "உங்களுக்கு வேற இடம் பாத்துத் தர்றதா உங்க அக்கா பையன் சொன்னார் அங்கிள்" என்றாள். டேப் பார்த்து வைத்த இடம் பேருந்து நிலையத்துக்கு மேலே, மூன்றாம் மாடி, ஒற்றை அறை. என் முட்டி அவனுக்குத் தெரியாததா? "ஏறி இறங்குனா முட்டி தானா சரியாயிடும் மாமா" என்றான். வாங்குவதற்கு ஒரு ஜோடி வந்தது. இந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது என்று அவர்களிடம் சொன்னேன். "எல்லா வீட்லயும் யாராவது செத்துத்தானே இருப்பாங்க பெரியவரே. வயசாகிப் போனா அது நல்ல சாவு" என்றார் அந்த ஆள். அந்த அம்மாள் என் மனைவி படுத்திருந்த மூலையைக் காட்டி, இங்கே சோபா போடலாம் என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சாவு மட்டும் போதாது. நல்ல சாவாக இருக்கக் கூடாது.

நான் கோபக்காரன் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். கெட்ட சாவு ஒன்று விழுந்தால் அந்த வீடு மட்டும் இல்லை, தெருவே விலை போகாது. தெரு தப்பிக்கும். ஆனால் அது கடைசி வீட்டில் நடக்கக் கூடாது, நான் படுத்து எழுகிற இடம். நாலாம் வீட்டில் நிலத்தடித் தொட்டி இருந்தது, ஆள் உயரத்துக்குமேல் ஆழம், குறுகின வாய். வாரா வாரம் நான்தான் அதன் மூடியைத் திறந்துவைப்பேன். அந்த வாரத்திலிருந்து திறக்கவில்லை. முன்பே உள்ளே விழுந்த இலை ஒரு சாண் தண்ணீரில் அழுகிக் கிடந்தது. அதை அள்ளிப் போடவும் இல்லை. நான் செய்தது என்று பார்த்தால் அவ்வளவுதான், ஒரு வேலையைச் செய்யாமல் விட்டேன். ஐந்து வாரம் கழித்து டேப்பிடம் சொன்னேன்: "நாலாம் வீட்டுத் தொட்டி பெருசுடா. அளந்து விளம்பரத்துல போட்டேன்னா விலை கூடும்."

அவன் முகம் மலர்ந்துபோனது. மாமா நம் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்திருப்பான். "உங்க வீட்டுப் பூட்டைவிட உங்க வாய்ப்பூட்டுதான் மாமா கெட்டி. இப்பத்தான் தொறந்திருக்கு" என்றான்.

காலை பத்து மணி இருக்கும். அவன் வண்டியிலிருந்து ஏணியை அவிழ்க்கப் போனான். நான் மூடியைத் தள்ளி, குச்சி கிழித்து, மெழுகுவர்த்தியை ஏற்றி, டப்பாவை இறக்கினேன். நூறு எண்ண வேண்டிய தேவையே இல்லை, பாதி ஆழம் போகும்போதே உள்ளே இருட்டாகிவிட்டது. ஆனாலும் எண்ணினேன். வேலை என்றால் வேலை. மேலே இழுத்தேன். அணைந்திருந்தது. வண்டிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு குச்சி கிழித்து மறுபடி ஏற்றினேன்.

ஏணியோடு வந்தவன் தொட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தான்.

"விளக்கு விட்டீங்களா மாமா?"

"விட்டேன்."

பொய் இல்லை. விட்டேன். என்ன ஆச்சு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது, அவனுக்கு அது போதுமாக இருந்தது. டேப்பை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினான். அடியில் கால் வைத்ததும், "மாமா, ஒரு மாதிரி..." என்றான். ஏணி சாய்ந்து சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை.

ஓர் ஆள் போதும் என்பதுதான் என் கணக்கு. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்தச் சத்தத்துக்கு வாத்தியார் மதில் தாண்டி வருவார் என்று யார் கண்டது? எழுபது வயது ஆள். செருப்பில்லாமல் ஓடி வந்தார். உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"விளக்கு நல்லா எரியுதே அண்ணே. வழுக்கி விழுந்துட்டான்போல" என்றார். ஏணியை நிமிர்த்தினார்.

'இறங்காதீங்க சார்' என்று இரண்டு வார்த்தை. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார், படித்தவர். விளக்கு எரியும்போது ஏன் இறங்கக் கூடாது என்று கேட்டால் அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. நான் யோசித்துக்கொண்டே நின்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று படி இறங்கும்வரை யோசித்தேன். கூட்டத்தில் எனக்காகப் பேசிய ஒரே மனிதர். அவரை இறங்கச் சொன்னது நான் இல்லை.

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிடப் போனேன்.

அடக்கத்துக்கு ஊரே திரண்டது. கூடம் கொள்ளாமல் சாலையில் நின்றார்கள். அறிவிப்புப் பலகையில் இரண்டு பேர் பெயர் மட்டும், ஒருவரும் அதன்மேல் எதையும் ஒட்டவில்லை. பாடையைத் தூக்க நான் நீ என்று வந்தார்கள். வாத்தியார் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில், அவருக்குத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கார்கள் வருவது நின்றது. சோபா போட இருந்தவர்கள் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கடைசி வீட்டுக்காரர் மகள் மறுபடி பேசினாள், "இனிமே யார் வாங்கப் போறா, நீங்களே இருங்க அங்கிள்" என்றாள். நான் நினைத்தபடிதான் எல்லாம் நடந்தது. தெரு தெருவாகவே இருக்கிறது. இதற்காக யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை, அதைக் கேட்கவும் இங்கே வரவில்லை.

அப்புறம் கூடத்தில் இன்னொரு கூட்டம் போட்டார்கள். என்னை உட்காரவைத்து, காபி கொடுத்து, மெதுவான குரலில் பேசினார்கள். வயதாகிவிட்டதாம், பார்வை மங்கிவிட்டதாம், விளக்கு அணைந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேனாம், பாவமாம். மீதியிருந்த சாவிகளையும் வாங்கிக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள். சமைத்துப் போடுகிறாள். நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டை என் பக்கம் நகர்த்தி, "உன்மேல ஒரு தப்பும் இல்லடா தம்பி. கண்ணு தெரியாததுக்கு நீ என்ன பண்ணுவ" என்றாள். அவளால் எப்படி அப்படிச் சொல்ல முடிந்தது? முப்பத்தெட்டு வருஷ வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

உங்கள் ஆள் தொட்டி வாயருகில் இரண்டு தீக்குச்சி பொறுக்கி உறையில் போட்டார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு விளக்குக்கு ஏன் இரண்டு குச்சி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்களும் 'முதியவர், பார்வைக் குறைவு, கவனப் பிழை' என்று எழுதிவிட்டீர்கள். அந்த வரியைத்தான் அடிக்க வேண்டும். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன்.

விளக்கு அணைந்துதான் மேலே வந்தது ஐயா. எனக்கு நன்றாகத் தெரிந்தது.