கண்டாங்கி வந்த வழி, போன வழி

ஓடுகிறோம். தெரு முழுக்கப் புகை. தலைக்கு மேலே விமானம். முதலில் விசில் போல ஒரு சத்தம், நீளமாக. அப்புறம் ஒன்றுமே இல்லை. அப்புறம் தரை குதிக்கிறது.

"படு! படுங்கடி ரெண்டு பேரும்!"

அம்மா கத்துகிறாள். சாக்கடை ஓரமாக விழுகிறோம். அம்மா என் தங்கச்சி பேச்சியின் மேல் கவிழ்ந்து படுக்கிறாள். நான் பக்கத்தில், தனியாக. என் முதுகில் மண் கொட்டுகிறது. ரங்கூன். ஜப்பான்காரன் குண்டு போட்ட மார்கழி மாதம். எனக்குப் பதினொரு வயது, பேச்சிக்கு ஆறு.

குண்டு விழும்போது பொறாமை வருமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வரும். எனக்கு வந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் சொல்வது முழுசாக இருக்கும்.

அன்றைக்கு அப்பா துறைமுகத்தில் இருந்தார். திரும்பவில்லை. அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டாள். ஊர் என்றால் போடிநாயக்கனூர். அங்கே மாமா இருந்தார். பிரோம் வரைக்கும் சாலை. பிறகு மலை. மலையில் குளிர். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மாற்றுச்சேலை. அரக்கு நிறக் கண்டாங்கி, மஞ்சள் கட்டம் போட்டது. அதை மடித்துப் பேச்சியைச் சுற்றிக் கட்டினாள் அம்மா.

"நீ பெரியவ ராக்கு. தாங்கிக்குவ."

நான் தாங்கவில்லை. நடுங்கினேன். பல்லோடு பல் அடித்துக்கொண்டது. பேச்சி சேலைக்குள் கதகதப்பாகக் கிடந்தாள். அவளைப் பிடித்துக் கிள்ளலாமா என்றிருந்தது.

மலை இறங்குவதற்குள் அம்மாவுக்கு வாந்திபேதி. வழியிலேயே போய்ச் சேர்ந்தாள். கூட நடந்தவர்களில் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சிலமலை கிராமத்துக்காரர் ஒருவர் குழி தோண்டினார். அவர்தான் எங்களைக் கப்பலேற்றி, மாமா வீடுவரை கொண்டுவந்து விட்டார். பேச்சி உடம்பில் சேலையோடு வந்தாள். நான் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தேன்.

இனி போடிநாயக்கனூர். ஐம்பதுகள் பாதி கடந்த சமயம். எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில். வீட்டுக்காரர் மலைக்கு லோடு கொண்டுபோகும் ஜீப் ஓட்டுகிறார். பேச்சி அடுத்த தெருவில், மாமா வீட்டில் இருக்கிறாள். போர்வை தைக்கிறாள்.

பழஞ்சேலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, கிழிசலுக்கு ஒட்டுப்போட்டு, விளிம்பிலிருந்து நடுவுக்கு ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே வர வேண்டும். அதுதான் ஒட்டுப்போர்வை. மாமா வீட்டில் எல்லோருக்கும் பேச்சியின் போர்வை. அவளோடு ஏலக்காய் பொறுக்கும் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கல்யாணமென்றால் பேச்சியின் போர்வை. மலைமேல் குளிரில் கிடக்கும் கூலிக்காரர்களுக்கும் சும்மாவே தைத்து மூட்டை கட்டி அனுப்புவாள். நானும் தைப்பேன். பேச்சி தைத்தது கன்றுக்குட்டி மாதிரி மடங்கிப் படுக்கும். நான் தைத்தது சுவரில் சாய்த்தால் நிற்கும். நான் கொடுத்த போர்வையை ஒருத்தி வாசலில் மிளகாய் காயப்போட விரித்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போகட்டும். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்த மாட்டோம். குடும்பத்துப் பெரியவர்கள் கட்டி நைந்த துணியில்தான் முதலில் கிடத்துவோம். என் பிள்ளையை அம்மாவின் கண்டாங்கியில் கிடத்த வேண்டும். அது பேச்சியின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அவளாகக் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். வாய் திறந்து கேட்கவில்லை. அவளிடம் போய்க் கேட்பதா?

ஆடிச் சாரல் அந்த வருஷம் விடாமல் அடித்தது. மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் மண் சரிந்து, கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் பாதி போயிற்று. பேச்சி ஒரு மூட்டை போர்வையோடு ஜீப்பில் ஏறிப் போய்வந்தாள். அவள் வந்து இரண்டு வாரம் கழித்து மாமா வீட்டுக்குப் போனேன். பெட்டி திறந்து கிடந்தது. கண்டாங்கி இல்லை.

"சேலை எங்கடி?"

"போர்வையாத் தச்சு மேல குடுத்துட்டேன்க்கா."

"யாரக் கேட்டுக் குடுத்த? அது எம்பிள்ளைக்குடி!"

"நீ ஒருவார்த்த கேக்கலயேக்கா. அதத் தொடவே மாட்டயே. ஒனக்கு ஆகாதுன்னுல்ல நெனச்சேன்."

வீட்டுக்குத் திரும்பினேன். நான் தைத்ததில் ஆகப் பெரிய போர்வையைச் சுருட்டிக்கொண்டேன். அதைக் கொடுத்துக் கண்டாங்கியை மாற்றிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு. வயிற்றுப்பிள்ளையோடு மலைக்கா என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார். கேட்கவில்லை. அடிவாரத்து முந்தல் தாண்டியதும் ஜீப்புக்கு ஏற்றம். ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

லயத்தில் மிச்சமிருந்த அறைக்குள் ஒரு பெண். மடியில் கைக்குழந்தை, பழைய வேட்டியில் சுற்றியிருந்தது. மூலையில் பத்துப் பதினொரு வயதுப் பெண்பிள்ளை. அவள் மேல் அரக்குக் கண்டாங்கி. மஞ்சள் கட்டத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"கைப்பிள்ளைய விட்டுட்டு இவளுக்கா போத்தியிருக்க?" என்று கேட்டேன்.

"நான் மாத்திப் போடத்தான் பாத்தேன். குடுத்த அக்கா விடல. அவுக வந்தன்னைக்கு இவ தணுப்புல நடுங்கிக்கிட்டு நின்னா. பெரியவ தாங்கிக்குவான்னேன். அதக் கேட்டதும் அந்தக்கா அழுதுட்டாக. அவுக கைல இருந்த போர்வ பூராம் அதுக்குள்ள குடுத்து முடிஞ்சிருச்சு. ஒரு வாரங்கழிச்சு, இதத் தச்சு ஜீப்புல குடுத்துவிட்டாக. பெரியவளுக்குத்தான், சின்னதுக்குப் போர்த்தக் கூடாதுன்னு சொல்லி."

அந்தப் பிள்ளை என் கையிலிருந்த சுருட்டலைப் பார்த்தது. எதற்கு வந்திருக்கிறேன் என்று அதற்குப் புரிந்துவிட்டது. கண்டாங்கியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்தேன். பேச்சியின் தையல். பல்லிமுட்டை மாதிரி சின்னச் சின்னதாக. கேட்க வந்ததைக் கேட்கவில்லை. என் போர்வையைக் கைக்குழந்தைக்கென்று வைத்துவிட்டு வந்தேன். நல்ல மனசெல்லாம் இல்லை. அதைத் திரும்பச் சுமந்துவர அலுப்பு, அவ்வளவுதான்.

கீழே வந்து ஜீப்பை விட்டு இறங்கியதும் நேரே பேச்சியிடம் போனேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு வயசுல ஒனக்கு என்னடி தெரியும்?"

"சத்தம் கேட்டுச்சுக்கா. ஒம்பல்லு அடிச்ச சத்தம். சேலைக்குள்ள இருந்தா காதுக்குள்ளயே கேக்கும். இன்னமும் கேக்குது."

அந்தச் சத்தம் எனக்கு மட்டுந்தான் கேட்டது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுதோம்.

புரட்டாசியில் என் மகன் பிறந்தான். பேச்சி தன் பழைய தாவணியையும் என் பழைய சேலையையும் சேர்த்துத் தைத்ததில் கிடத்தினோம்.

கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். ரங்கூனில் வீடு போனது. அப்பா போனார். எங்கே, எப்படி என்று இன்றுவரை தெரியாது. மலைவழியில் அம்மா. அம்மா புதைந்த இடத்துக்கு அடையாளமாக வைத்த கல்லும் இந்நேரம் போயிருக்கும். அம்மாவுடையது என்று மிஞ்சி வந்தது ஒரு சேலை. அதுவும் மலையேறிப் போயிற்று.

பேச்சி மேல் இருந்த பொறாமை அன்றோடு தீர்ந்தது. அந்தப் பெண்பிள்ளை மேல் வந்தது தீரவில்லை. அவளுக்குக் குளிரும்போதே கிடைத்துவிட்டது.