கதவைச் சாத்தாத இன்ஸ்பெக்டர்

இந்த அறைக் கதவு கீச்சென்று கத்துகிறது சார். கீலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். எனக்குக் கதவுகள் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. என் பிழைப்பே அதில்தான் ஓடியது.

எங்கள் டிவி தொடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாசலில் நிற்கும் காவலர் வீட்டில் ஒரு நாள் விடாமல் பார்ப்பார்களாம். அதில் வரும் இன்ஸ்பெக்டர் எந்த வீட்டுக்குத் துப்புத் துலக்கப் போனாலும் முதலில் எல்லாக் கதவுகளையும் திறந்து வைப்பார். தன் வீட்டில் குளியலறைக் கதவைக்கூடச் சாத்த மாட்டார். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனதே அதனால்தான். அவரை எழுதியவன் நான். முதல் வருடம் ஜனங்கள் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் தொடர் படுத்துவிட்டது. தயாரிப்பாளர் கூப்பிட்டு, "இந்த ஆளு ஏன்யா இப்படி இருக்கான்? சின்ன வயசுல ஏதாவது நடந்திருக்கணும்ல? அதை எழுது. இல்லைன்னா மூட்டையைக் கட்டு" என்றார்.

எழுதினேன். சின்ன வயதில் அவரை அப்பா பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவார் என்று எழுதினேன். தொங்கும் துணிகளுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, சாவித்துவாரத்தில் வாயை வைத்து மூச்சு இழுக்கும் பையன். அந்தக் காட்சி வந்த பிறகு எங்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஒரு பேட்டியில், இவ்வளவு தத்ரூபமாக எப்படி எழுத முடிந்தது என்று கேட்டார்கள். "அது என் கதைதான். பூட்டியது என் அப்பா" என்றேன். பேட்டி எடுத்த பெண் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. பொய் சொல்கிறவனுக்குக் கண் கலங்குமா, நீங்களே சொல்லுங்கள்.

அப்பா தம்பி வீட்டில் இருக்கிறார். சாயங்காலம் பூங்காவில் நாலு பெரியவர்களோடு உட்கார்ந்து அரட்டையடிப்பது ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. பேட்டிக்குப் பிறகு அவர் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்களாம். பக்கத்து வீட்டுக்காரி தன் குழந்தையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாளாம். அப்பா முதலில் வெளியே போவதை நிறுத்தினார், அப்புறம் பேச்சை, அப்புறம் சாப்பாட்டை.

இதைச் சொல்லத்தான் தம்பி அன்று படப்பிடிப்புக்கு வந்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். சின்னதிலிருந்தே மூச்சிரைப்பு. ஒருவரிடமும் சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். செட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அண்ணா, உனக்குப் புண்ணியமாப் போகும். அப்பா பூட்டலைன்னு ஒரே ஒரு தடவை டிவியில சொல்லிடு. அவர் கண்ணை மூடுறதுக்குள்ள கேட்டுட்டுப் போகட்டும்."

"அப்ப யாரு பூட்டினதுன்னு கேப்பாங்களேடா."

"விளையாட்டுல நடந்துச்சுன்னு சொல்லேன். நான் உன்னை என்னைக்காவது குத்திக் காட்டியிருக்கேனா?"

காட்டியதில்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் அவன் பீரோவுக்குள் போவான், நான் பூட்டுவேன். தோற்றுவிட்டால் உள்ளிருந்து மூன்று தட்டுத் தட்ட வேண்டும். அவன் சீக்கிரமே தோற்றுவிடுவான். அதில் சுவையில்லை என்று நான் கொஞ்சம் தாமதித்துத் திறப்பேன். ஒருநாள் அப்பா வந்துவிட்டார். சாவியைக்கூடக் கேட்கவில்லை, கடப்பாரையால் நெம்பி, நீலம் பாரித்துக் கிடந்தவனை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் பீரோவின் கதவுகளையே கழற்றி எறிந்தார். எங்கள் வீட்டு உள்பாவாடை வரை வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்தார்கள். அதற்கப்புறம் தம்பி எந்தக் கதவையும் சாத்தியதில்லை. அந்தப் பழக்கத்தைத்தான் இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்தேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அது வெறும் விளையாட்டு என்று நான் சொன்னால் இன்ஸ்பெக்டர் என்ன ஆவார்? ஊரே அழுத ஒரு மனிதர் ஒரே நாளில் கிறுக்கராகிவிடுவார். நான் என்ன ஆவேன் என்பதை விடுங்கள்.

செட்டிலிருந்த பீரோ தச்சர் செய்தது. கேமரா உள்ளே போக வேண்டுமே, அதனால் ஆள் நிற்கும் அளவுக்குப் பெரிது. செட் சாமான்களுக்கு முதுகு உறுதியாக இருக்காது. தள்ளினால் பின்பலகை கழன்றுவிடும். இது தம்பிக்கும் தெரியும், நானே முன்பு காட்டியிருக்கிறேன். ஆனால் வெளிச்சம் கசிகிறதென்று அன்று காலை தச்சர் பலகையை ஆணியடித்து, உள்பக்கம் முழுக்கக் கனத்த பஞ்சு ஒட்டியிருந்தார். அது அவனுக்குத் தெரியாது.

"சரிடா, சொல்லிடறேன். தொடர்லயும் மாத்தி எழுதிடறேன். அன்னைக்கு நீ உள்ள எப்படி உட்கார்ந்திருந்தேன்னு ஒரு தடவை காட்டு, போதும்."

அவன் பீரோவைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "பின்னாடி திறந்துதானே இருக்கும்?"

"செட்டுதானேடா."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அப்பாவுக்காகத்தான் போனான். நான் கதவைச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பிப் பூட்டிவிட்டு, செருப்பைக் காலால் மேசைக்கடியில் தள்ளினேன்.

டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அடுத்து எடுக்க வேண்டியது மௌனம். ஆமாம் சார், அதையும் எடுப்போம். ஒவ்வொரு அறைக்கும் சும்மா இருக்கும்போது ஒரு சத்தம் உண்டு. அதைப் பதிவு செய்துவைத்து, பிறகு வசனங்களுக்கு நடுவில் ஒட்டுப்போடுவோம். எல்லோரும் அசையாமல் நின்றோம். ஒலிப்பதிவாளர் முகத்தைச் சுளித்தார். "எங்கயோ தட்டுற மாதிரி இருக்கே. நீங்க கேளுங்க சார்" என்று ஹெட்போனை என் காதில் மாட்டினார்.

மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

"பக்கத்து செட்டுல தச்சு வேலை. சாப்பிட்டுட்டு வந்து எடுத்துக்கலாம்" என்றேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்தோம். அந்தத் தடவை ஒரு சத்தமும் இல்லை. "பிரமாதம், சுத்தமா இருக்கு" என்றார் அவர். முதலில் எடுத்ததை அழிக்காமல் வைத்திருந்து உங்களிடம் கொடுத்திருக்கிறார். ஒழுங்காக வேலை செய்கிற மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

கொன்றாயா என்று கேட்டீர்கள். கொன்றேன். சாத்தியவனும் நான், காதில் கேட்டவனும் நான், கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவனும் நான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனிதன் காரணமில்லாமலா இப்படி ஆவான்?

காலையில் அப்பா வந்தாராமே. நிற்கத் தெம்பில்லாமல் இந்த வாசலிலேயே உட்கார்ந்து, "டிவியில அவன் சொன்னது நெஜம்தான் ஐயா. நான்தான் அவனைப் பூட்டி வைப்பேன். பாவி, நான் கெடுத்த புள்ள. என்னைத் தூக்குல போடுங்க, அவனை விட்டுடுங்க. எனக்கு இனிமே அவன் ஒருத்தன்தான்" என்று அழுதாராம். காவலர் சொன்னார்.

பார்த்தீர்களா சார்? இப்போது அவர் வாயாலேயே வந்துவிட்டது. நான் அன்றைக்கே சொன்னேனே.