மெயின் சுவிட்சை இறக்கச் சொன்னது குறித்து

அ. அருள்தாஸ், வயது 41, தகப்பனார் பெயர் அந்தோணிசாமி, திருமுல்லைவாயில் மாதா கோயில் தெருவில் குடியிருப்பவன், பூந்தமல்லி சாலையில் உள்ள பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் மேலாளராக வேலை பார்ப்பவன், யாரும் அழைக்காமல் நானாகவே 25.01.2000 அன்று காலை காவல் நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் முன்னிலையில் சொல்வதாவது:

இந்தத் தாளில் ஆண்டுக்கான இடத்தில் 19 என்று முன்பே அச்சாகியிருந்ததால், எழுதும் ஏட்டு அதைப் பேனாவால் அடித்துவிட்டு 2000 என்று எழுதிக்கொண்டார். போன ஆண்டு முழுக்க எனக்குக் கொடுத்திருந்த வேலையும் ஏறக்குறைய இதுதான். பழைய கணினிகள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதால், 2000 பிறந்ததும் அவை 1900 என்று எண்ணிக் குழம்பிவிடும் என்ற பயம் எல்லா இடத்திலும் இருந்தது. பல்கலைக்கழகத்தின் கணினிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சரிசெய்து, "2000-க்குத் தயார்" என்ற பச்சை ஸ்டிக்கரை ஒட்ட வேண்டியது என் பொறுப்பு.

நான் பாதிக் கணினிகளைக்கூடச் சோதிக்கவில்லை. வேலையைச் செய்வதைவிட அதைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடித்துப்போயிற்று. முகப்பேரில் பள்ளிக்கூடம், பாடியில் தொழிலாளர் மன்றம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், லிஃப்ட் நின்றுவிடும், விமானம் விழுந்துவிடும் என்று பயமுறுத்திக் கைதட்டு வாங்கினேன். அதன் பிறகு டிசம்பரில் பதிவாளர் பார்வையிட வருகிறார் என்றதும், சோதிக்காத கணினிகளுக்கும் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன்.

அதன் பிறகு, புத்தாண்டில் ஏதாவது ஒரு கணினி பலர் முன்னால் கோளாறு செய்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து, 31.12.1999 வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலை வரை கட்டடத்தின் மின்சாரத்தையே நிறுத்துவது என்று முடிவு செய்தேன். திங்களன்று எல்லோருக்கும் முன்னால் வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கெட்டுப்போனதைச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம் என்பது என் கணக்கு. பதிவாளரிடம் கணினி மையத்தை மூடுவதாக மட்டும் சொன்னேன். கணினிக்குள் இருக்கும் கடிகாரம் சின்ன பேட்டரியில் ஓடுவது, மின்சாரம் இல்லாவிட்டாலும் தேதி மாறத்தான் செய்யும். அது எனக்குத் தெரியும். தெரிந்தே பூனை மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்று மாலை எலக்ட்ரீஷியன் எத்திராஜை மின் அறைக்கு அழைத்துப்போய் மெயினை இறக்கச் சொன்னேன். அவர், "மாடில பயோ டிபார்ட்மென்ட்டு ஃப்ரீசர் கீது சார். அவங்களாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?" என்று கேட்டார். எல்லோரும் லீவில் போய்விட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். மாடி ஏறிப் பார்க்கவில்லை. மாதா கோயிலின் ஆண்டு இறுதித் திருப்பலியில் பைபிள் வாசகம் படிக்கும் முறை அன்று என்னுடையது என்பதால் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தேன். அவர் மெயினை இறக்கியதும் ஜெனரேட்டர் தானாக ஓட ஆரம்பித்தது. அதையும் நிறுத்தச் சொன்னேன். "நீ சொல்றியேன்னு நிறுத்தறேன் சார்" என்று சொல்லி நிறுத்தினார். அதன் பிறகு நான் கோயிலுக்குப் போய் வாசகம் படித்தேன்.

திங்களன்று எல்லாக் கணினிகளும் வேலை செய்தன. இரண்டில் மட்டும் தேதி தப்பாக இருந்தது, காப்பி ஆறுவதற்குள் மாற்றிவிட்டேன். மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அதன் பிறகு அன்றே எனக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டம் நடக்கும்போதே மாடியில் ஏதோ ஆகிவிட்டது என்று ஆள் வந்து சொல்ல, போர்த்திய பொன்னாடையோடு மேலே ஓடினேன்.

அங்கே ஆராய்ச்சி மாணவி கவிப்பிரியா திறந்து கிடந்த ஃப்ரீசர் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அம்பத்தூர், பாடி பக்கம் ஆலைக் கழிவு ஓடும் வாய்க்கால்களில் இறங்கி நாலு வருஷமாகச் சேர்த்த நுண்ணுயிர் மாதிரிகள் அதில் இருந்தன. அந்த வாய்க்கால்களில் ஒன்றை இப்போது மூடி ரோடு போட்டுவிட்டார்களாம். நாற்றம் தாங்கவில்லை. அவர் ஒவ்வொரு குப்பியாக எடுத்து, மேலே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பொன்னாடையைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு, மெயினும் ஜெனரேட்டரும் ஒருசேர நின்றிருப்பதால் வேண்டுமென்றே செய்த வேலை என்று துறைத் தலைவர் புகார் கொடுத்தார். மின்விசிறி பழுது பார்க்காத தகராறில் அவருக்கும் எத்திராஜுக்கும் முன்பே மனக்கசப்பு இருந்ததால் சந்தேகம் எத்திராஜ் மேல் விழுந்தது. நான் சொல்லித்தான் நிறுத்தியதாக எத்திராஜ் சொன்னார். பதிவாளர் அவரை வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார். கணினி மையத்தின் சுவிட்சை மட்டும்தான் அணைக்கச் சொன்னேன் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். எத்திராஜ், "இன்னா சார், இப்டி சொல்லிட்ட" என்றார்.

அதன் பிறகு அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணைக்காகத் தினமும் இந்த நிலையத்துக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என் பஸ் இந்த வழியாகத்தான் போகும். நிலையம் வரும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன்.

போன வெள்ளிக்கிழமை கவிப்பிரியா கணினி மையத்துக்கு வந்து என்னைப் பார்த்தார். "மாதிரி எல்லாம் போச்சு சார். எழுதி வெச்சதாவது கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. உங்களாலதான். தேங்க்ஸ் சொல்லணும்னு வந்தேன்" என்றார். அவருடைய கணினியிலும் என் பச்சை ஸ்டிக்கர் இருக்கிறது. அந்தக் கணினியை நான் சோதிக்கவே இல்லை. அவர் முன்னால் பரவாயில்லை என்று சொல்லித் தலையை ஆட்டினேன். அவர் போன பிறகு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

இன்று காலை நான் நிலையத்துக்குள் வந்தபோது எத்திராஜ் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "உன்னியும் கூப்ட்டாங்களா சார்? பயப்படாத, அடிக்கலாம் மாட்டாங்க" என்றார். நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர், "இவங்களாண்ட அப்பால சொல்லு சார். மொதல்ல அந்தப் பொண்ணாண்ட சொல்லு. என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிகினு போவுது" என்றார்.

மெயினையும் ஜெனரேட்டரையும் நிறுத்தச் சொன்னது நான்தான். எத்திராஜ் மேல் எந்தத் தப்பும் இல்லை. கவிப்பிரியாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட இங்கே வந்து சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஏட்டு எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. அருள்தாஸ்