போட்டா, போட்டிருந்தா

— இன்னொரு தடவை படிங்க அண்ணி. அந்த மூணாவது வரி மட்டும்.

— அதான் படிச்சேனே சின்னு. மெஷினுக்குக் கவர் போட்டா விபத்து நடக்காது. எல்லாருக்கும் எழுதுற புத்திமதிதான். இதைப் போய் பொக்கிஷம் மாதிரி மடிச்சு வச்சிருக்கே.

— புத்திமதி சொல்லவா நாலு மாசம் கழிச்சு தபால் அனுப்பினாங்க?

— ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்னா அப்படித்தான். வேலை செய்யற இடத்துல ஆள் செத்தா ஒரு காகிதம் போடணும். போட்டாங்க, முடிஞ்சுது. காபி குடிக்கிறியா? அஞ்சு மணிக்கு இங்கிலீஷ் கிளாஸுக்குப் பிள்ளைங்க வந்துடும்.

— நானும் இதே நாற்காலியில உட்கார்ந்து படிச்சவதானே.

— எங்க படிச்சே? ரெண்டு மாசம் வந்தே. அப்புறம் நின்னுட்டே.

— அந்த மாசம்தானே அண்ணி அட்டை வெட்டுற மெஷின் அவரை இழுத்துக்கிச்சு.

— அய்யோ... வாய் தவறி வந்துடுச்சும்மா. மனசுல வச்சுக்காதே.

— ரெண்டு மாசத்துல ஒண்ணே ஒண்ணு மண்டையில ஏறுச்சு. இஃப். இந்த போர்டுல மூணு கட்டம் போட்டீங்க.

— பட்டம் படிச்சவங்களே தடுமாறுற பாடம் அது. விடு.

— சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. முதல் கட்டம், நடக்கக்கூடியது. மழை வந்தா நனைவேன். ரெண்டாவது, வெறும் கற்பனை. எனக்கு றெக்கை இருந்தா பறப்பேன். மூணாவது, முடிஞ்சுபோனது. மழை வந்திருந்தா நனைஞ்சிருப்பேன். அப்படின்னா மழையும் வரலை, நான் நனையவும் இல்ல.

— சரிதான்.

— மூணாவதுக்கு ஹேட் வரும், பின்னாலயே வுட் ஹேவ் வரும். இஃப்புக்குப் பக்கத்துல ஹேடும் எதிர்ல வுட் ஹேவும் பார்த்தா, இது நடக்காம போன கதைன்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதுங்கன்னீங்க.

— இப்ப எதுக்கு எனக்கே பாடம் எடுக்கறே?

— என் விரல் இருக்கிற இடத்தைப் பாருங்க. இஃப் த கவர் ஹேட் பீன் ஃபிட்டட். அப்புறம் வுட் நாட் ஹேவ். இது "போட்டா" இல்ல அண்ணி. "போட்டிருந்தா."

— மூணெழுத்து கூடினா என்ன குடி முழுகிப் போச்சு?

— போட்டா நடக்காதுன்னா புத்திமதி. போட்டிருந்தா நடந்திருக்காதுன்னா அன்னைக்குக் கவர் இல்லைன்னு அர்த்தம். நாலு மாசமா எல்லாரும் அவர் தூங்கி வழிஞ்சு கையை விட்டுட்டார்னு பேசறாங்க. உங்கப்பா குடிப்பாரான்னு ஸ்கூல்ல என் பொண்ணைக் கேக்குறாங்க. டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன்!

— அப்படி நான் சொன்னேனா?

— அண்ணன் சொன்னார். அவரை எடுக்கறதுக்கு முன்னாடி, அத்தனை பேர் நடுவுல. "தங்கமான மாப்பிள்ளைதான், ஆனா கவனம் பத்தாது"ன்னார். என் கூடப் பிறந்தவரே சொன்னா யார்தான் நம்பமாட்டாங்க? சரி, அடுத்த வரியைப் படிங்க. ஃபிட்டர்னு ஒரு வார்த்தை இருக்கு.

— கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியலை.

— கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருக்கு.

— சின்னு...

— படிங்க.

— ரிப்பேருக்குக் கழட்டின கவரை ஃபிட்டர் திரும்ப மாட்டியிருந்தா... போதுமா? மாட்டாமலே மாட்டிட்டேன்னு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கார்னு எழுதியிருக்கு. அந்த ஷிஃப்டுல ஒரே ஒரு ஃபிட்டர். உங்கண்ணன். என் புருஷன். இப்ப திருப்தியா?

— உங்களுக்கு எப்பத் தெரியும்?

— அன்னைக்கு சாயங்காலமே. செருப்பைக்கூடக் கழட்டலை, வாசல்லயே உட்கார்ந்து சொன்னார். மெஷினை ஓட்டு ஓட்டுன்னு மேனேஜர் விரட்டினாராம். சாப்பாட்டு நேரத்துல மாட்டிக்கலாம்னு விட்டாராம். நான்தான் வாயைத் திறக்காதீங்கன்னேன். எனக்கும் ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க இருக்கு. அவர் ஜெயிலுக்குப் போனா நாங்க என்ன ஆவோம்?

— அதுக்கு என் புருஷன் மேல பழியா?

— செத்தவருக்கு வலிக்கப் போறதில்லைன்னு நினைச்சேன். நான் பாவிதான், ஒத்துக்கறேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேளு, கேட்டுக்கறேன். ஆனா இந்தக் காகிதத்தை வேற யார்கிட்டயும் காட்டாதே. படிச்சுச் சொல்லிடுவாங்க.

— சொல்லியாச்சு. காலையில அந்த ஆபீஸுக்கே போயிட்டேன். ஆபீசர் எதிர்ல உட்கார வச்சு, வரி வரியா நம்ம பாஷையில சொன்னார்.

— அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்தியா? என்னை வச்சு வேடிக்கை பாக்கவா?

— ஃபிட்டர் மேல கேஸ் போடணுமா வேண்டாமான்னு எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க. பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போன அண்ணன் ஆச்சே, கை வரலை. நாளைக்கு எழுதித் தரேன்னு சொல்லிட்டு, நேரா இங்க வந்தேன்.

— சின்னு, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். என்ன எழுதப் போறே?

— நீங்க முதல் தடவையே உள்ளதை உள்ளபடி படிச்சிருந்தீங்கன்னா, வேண்டாம்னு எழுதியிருப்பேன் அண்ணி.