பாசி இல்லாத குடுவை

கைதட்டல் போதும். ஒரு குட்டிக் கதை இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பல்கலைக்கழகம். அங்கே குலசேகரன் என்று ஒரு பேராசிரியர். நீலப்பச்சைப் பாசியைச் சத்துநீரில் வளர்ப்பார். அதில் வெள்ளி உப்பைக் கலந்து ஜன்னல் வெயிலில் வைப்பார். பச்சை மெல்லப் பழுப்பாகும். பழுப்பானால்... கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உண்டாகிவிட்டன என்று பொருள். "என் பாசி வெள்ளி செய்யுது" என்பார். மேடை. மாலை. பொன்னாடை.

அவரிடம் ஆராய்ச்சி மாணவி, ஜெசிந்தா. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பட்டம். அவள் என்ன செய்தாள்? பக்கத்தில் இன்னொரு குடுவை வைத்தாள். அதே சத்துநீர், அதே உப்பு, அதே வெயில். பாசி மட்டும் இல்லை. எந்தச் சோதனைக்கும் இப்படி ஒன்று வைப்பது ஆய்வுக்கூடத்து முறை. வெள்ளி செய்வது பாசிதான் என்றால், அது நிறம் மாறாமல் நிற்க வேண்டும்.

மாறியது... அதே பழுப்பு.

அப்படியென்றால் வெள்ளி செய்தது யார்? வெயில். வெயிலும் சத்துநீரும். பாசி சும்மா மிதந்துகொண்டிருந்தது.

பேராசிரியரிடம் காட்டினாள். குடுவையைச் சரியாகக் கழுவவில்லை என்றார். கழுவினாள். பழுப்பு. உப்பு பழையது என்றார். புதிது வாங்கினாள். பழுப்பு. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, இதை யாரு வைக்கச் சொன்னா?"

"நீங்கதான் சார். முதல் வருஷமே சொன்னீங்க."

"சொன்னதையெல்லாம் செய்வியா? ஊத்திடு. ஊத்திட்டு வந்து கையெழுத்து வாங்கிக்க."

அவள் ஊற்றவில்லை. துறையே கூடியிருந்த கருத்தரங்கில் அவர் தன் குடுவையை மேசையில் வைத்தார். அவள் எழுந்து போய்ப் பக்கத்தில் பாசி இல்லாத குடுவையை வைத்தாள்.

கையெழுத்து இல்லை. பட்டம் இல்லை. இன்று ஒரு குடிநீர் ஆலையில் தண்ணீர் சோதிக்கிறாள். அவர் அடுத்த மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏன் உங்களிடம் சொல்கிறேன்?

போன மழையில் நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வாய்க்காலை வெட்டிவிட்டது யார்? நீங்கள். கஞ்சி காய்ச்சியது யார்? நீங்கள். அந்த வாரம் நம் தலைவர் ஊரிலேயே இல்லை. வடிந்த பிறகு வந்தார்... முச்சந்தியில் பலகை வைத்தார். 'நான் இல்லையேல் இந்தத் தெரு இல்லை.' அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

வெட்கமாக இல்லை?

நாளை வாக்குக் கேட்டு வருவார். சண்டை வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள். நீங்கள் இல்லாத குடுவையும் நிறம் மாறியதே, ஐயா... பலகை வைத்து அதை ஏன் ஊற்றச் சொல்கிறீர்கள்?